அளவுகோலுக்கு அகப்படாத உழைப்பு: ஆசிரியர் ஊதியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

களனி கங்கையைக் கடக்கும் துறையாக ஒருகாலத்தில் விளங்கிய கிராண்ட்பாஸ், இன்று தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கியதொரு பகுதியாகும். மாலையானதும் இங்குள்ள வீட்டு விறாந்தைகளிற் பிரத்தியேக வகுப்புகள் தொடங்கிவிடும். பகலிற் பாடசாலையில் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியரே, இரவு எட்டு மணிவரை அத்தகையதொரு விறாந்தையில் மீண்டும் கற்பித்தார். அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்றோரும் உளர். அவ்வாறு கூறுமுன் ஆசிரியரின் உழைப்பு இந்நாட்டில் எவ்வாறு அளக்கப்பட்டு வந்தது என்பதை நோக்குதல் தகும்.

1869இற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதனையடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1862இல் ஏற்பட்ட விதிகளே இதற்கு முன்மாதிரி. பரிசோதகர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் தேறினர் என்பதே கணக்கு. பசியாலோ பிணியாலோ பிள்ளை வராதொழியின், அவ்விழப்பு பாடசாலையைச் சார்ந்தது. ஆசிரியரின் நியமனமும் நீக்கமும் முகாமையாளர் கையிலிருந்தன.

1945இல் இலவசக் கல்வி மலர்ந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொணர்ந்தன. ஆசிரியர் அரச ஊழியராயினர். தொழிற் பாதுகாப்பும் பெற்றனர். ஆயின் அளவுகோல் மாறியதேயன்றி அளவு நிறைவுறவில்லை. சம்பள ஆணைக்குழுக்கள் ஆசிரியரை ஏனைய சேவைகளோடு ஒப்பிட்டுப் படிநிலையில் நிறுத்தின. 1997ஆம் ஆண்டின் சம்பளத் திருத்தத்தால் நேர்ந்த முரண்பாடு இருபத்துநான்கு ஆண்டுகள் தீராதிருந்தது. 2021 யூலை 12இல் ஆசிரியர் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். ஒக்டோபர் 25இலேயே பணிக்குத் திரும்பினர். சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வின் மூன்றிலொரு பங்கு 2022 சனவரி முதல் வழங்கப்பட்டது. எஞ்சியதைக் கோரி 2024 யூனில் அவர்கள் மீண்டும் கொழும்பு வீதிகளில் இறங்கினர், கண்ணீர்ப்புகையே எதிர்கொண்டது.

படிநிலைக்குள் நின்றோரின் கதை இது. அதற்கு வெளியே நின்றோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோட்டப் பாடசாலைகள் 1970களிலேயே அரசின்கீழ் வரத் தொடங்கின. 2015ஆம் ஆண்டளவில் அங்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்கு மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னரே அது 10,000 ஆயிற்று. வகுப்பறையில் அவர்களும் ஆசிரியரே. சம்பளப் பட்டியலில் மட்டும் உதவியாளர்.

ஆசிரியரின் தகுதிநிலை குறித்து 1966இல் சர்வதேசத் தொழில் தாபனமும் யுனெஸ்கோவும் வெளியிட்ட பரிந்துரை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. கற்பித்தல் நேரத்தை வகுக்கும்போது மாணவர் தொகையையும், பாட ஆயத்தத்துக்கும் திருத்தலுக்கும் வேண்டிய நேரத்தையும் கருத வேண்டுமென அது வலியுறுத்துகின்றது. ஊதியத்தை மட்டுமன்றி ஆசிரியரின் நாளையும் அளக்குமாறு கேட்கும் குரல் அது.

முதலிற் பிள்ளையின் தேர்ச்சியை அளந்தோம்; பின்னர் பதவியின் படியை அளந்தோம். கொப்பி திருத்தும் இரவை அளந்தோமில்லை. அந்தக் கணக்கைச் சேர்க்காத எந்த ஆய்வும் குறையுடையதே. விறாந்தை விளக்கின்கீழ் நின்ற எம் ஆசிரியரைக் குறைகூறுமுன், அவரது பகலுக்கு நாம் கொடுத்த விலை யாது என்று கேட்போமாக.