தராசும் ராடாரும்

திருமழிசைத் தலபுராணத்தில் ஒரு தராசு வருகிறது. ஒரு தட்டில் ஏனைய புண்ணியத் தலங்கள் அனைத்தையும், மறு தட்டில் திருமழிசையை மட்டும் வைத்து நிறுத்தார்களாம். திருமழிசைத் தட்டே தாழ்ந்ததாம். அந்தத் தராசுக்கு முத்திரை உண்டா என்று புராணத்தில் எவரும் கேட்கவில்லை. ஊரை ஒட்டிச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் வேகம் மிஞ்சியதாக அபராதச் சீட்டு பெற்ற என் நண்பர் கேட்டார். தம் காரை அப்போது ஒரு வேன் முந்திச் சென்றது என்பது அவர் கட்சி.

கேள்வி பழையதுதான். ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பி, 20 மைல் வேகத்தைத் தாண்டியதாக எவரையும் தண்டிக்கலாகாது என்றது 1903-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மோட்டார் கார் சட்டம். நமது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவிலும் அதன் எதிரொலி உண்டு, ஒரு விலக்குடன்: சாட்சியின் மதிப்பீடு கருவியால் பெறப்பட்டதெனில் அவர் ஒருவரே போதும். மனிதக் கண்ணை ஐயுற்ற சட்டம், கருவியிடம் வந்ததும் சற்றே கண்ணயர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராடார் அனுப்பும் அலை, ஓடும் வண்டியில் பட்டுத் திரும்புகையில் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. 1842-இல் டாப்ளர் விளக்கிய விதி அது. விதியில் பிழையில்லை. ஆனால் எதன்மீது பட்டுத் திரும்பினேன் என்று அலை சொல்வதில்லையே! 1979-இல் அமெரிக்காவின் மயாமி நகரில், தொலைக்காட்சிக்காரர்கள் முன்னிலையில் ஒரு பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடியது. ஒரு வீடு 28 மைலில் நகர்ந்தது. எல்லாம் ராடார் காட்டிய கணக்கு. அவ்வாண்டு அங்கே நீதிபதி நெஸ்பிட், தம்முன் இருந்த வழக்குகளில் ராடார் சான்றை ஏற்க மறுத்தார். மற்ற இடங்களில் நீதிமன்றங்கள் தொடர்ந்து ஏற்றுக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கே 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணுக் கண்காணிப்புக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழையும், சாலையில் எச்சரிக்கைப் பலகையையும், 15 நாளுக்குள் அறிவிப்பையும் கோரியது. வேகமளக்கும் ராடாருக்கு எடையளவுச் சட்டத்தின் கீழ் சரிபார்ப்பும் முத்திரையும் கட்டாயமானது 2025 ஜூலை 1 முதல்தான். மளிகைக்கடைப் படிக்கல்லுக்கு எத்தனையோ காலமாக இருந்து வரும் முத்திரை!

அதிவேகக்காரருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தச் சாலையில் நடந்து கடப்பவர்களின் பாடு எனக்கும் தெரியும்.

நண்பரின் சீட்டு அதற்கு முந்தையது. அபராதம் 1,000 ரூபாய். வழக்காடினால் எத்தனை வாய்தாவோ, எத்தனை நாள் சம்பளமோ என்று கணக்குப் பார்த்தார். கட்டிவிட்டார். ரசீதை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.