பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி நம்பர் உண்மையா? செல்போனிலேயே செக் செய்வது எப்படி?

போடிநாயக்கனூரில் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியிடம் 1 லட்சம் ரூபாய்க்கு ஏலக்காய் வாங்குகிறார். 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டினால்தான், வாங்கியவர் தன் வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியும். பில்லில் இருந்தது ரத்தான நம்பர் என்றால்? அந்த 5,000 ரூபாய் போச்சு! அதனால் பணம் கொடுக்கும் முன்பே நம்பரை செக் செய்துவிடுவது நல்லது.

நம்பரைப் படிப்பது எப்படி?

ஜிஎஸ்டி நம்பரில் மொத்தம் 15 இலக்கங்கள்.

* முதல் 2 இலக்கம்: மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளாவுக்கு 32. கம்பத்தில் உள்ள கடைக்கு 33, மலை ஏறிக் குமுளிக்குப் போனால் 32.
* அடுத்த 10: நிறுவனத்தின் பான் எண்.
* 13-வது: அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது.
* 14-வது: பொதுவாக ஆங்கில எழுத்து 'இசட்'.
* 15-வது: நம்பர் சரிதானா எனக் கணக்கிட்டுப் பார்க்கும் இலக்கம்.

ஒரு சின்ன டிப்ஸ்: பில்லில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டிருந்தால், நம்பரின் 6-வது இடத்தில் ஆங்கில எழுத்து 'சி' இருக்க வேண்டும். இல்லையென்றால் உஷார்!

செக் செய்வது எப்படி?

1. அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தைத் திறக்கவும். லாகின் தேவையில்லை, கட்டணமும் கிடையாது.
2. 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதிக்குள் செல்லவும்.
3. 15 இலக்க நம்பரையும் திரையில் தெரியும் கேப்சாவையும் டைப் செய்யவும்.
4. பான் எண் மட்டும் தெரிந்தால் 'சர்ச் பை பான்' மூலம் தேடலாம். அந்த பான் எண்ணில் எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்பது தெரியும்.

எதைப் பார்க்க வேண்டும்?

* பெயர்: சட்டப்படியான பெயரும் கடைப் பெயரும் தனித்தனியாக வரும். பில்லில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள்.
* நிலை: 'ஆக்டிவ்' என்றால் சரி. 'கேன்சல்டு', 'சஸ்பெண்டட்' என்று வந்தால் விளக்கம் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.
* வகை: 'காம்போசிஷன்' என்றால் அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது.
* ரிட்டர்ன்: 'ஃபைலிங் டேபிள்' பகுதியில் கணக்குத் தாக்கல் செய்த மாதங்கள் தெரியும். பல மாதங்கள் விடுபட்டிருந்தால் கவனம் தேவை.

நம்பரே இல்லாத கடை என்றால்?

எல்லாச் சிறு கடைகளும் ஜிஎஸ்டியில் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு செய்த கடையாக இருந்தால், வாசல் பெயர்ப் பலகையிலேயே நம்பர் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. பில் போடும் முன் போர்டைப் பாருங்கள், போனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.