குரல் நாண் ஆபரேஷன்: கத்தியா, லேசரா? எதில் பாதிப்பு குறைவு?

வில்லுப்பாட்டுக் கலைஞர்கள், ஆசிரியர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள் என குரலை நம்பிப் பிழைப்பவர்கள் நெல்லையில் ஏராளம். குரல் நாணில் கட்டி, ஆபரேஷன் செய்யணும் என்று டாக்டர் சொன்னால் இவர்களுக்கு வரும் முதல் பயம், ‘பழைய குரல் திரும்புமா?’ என்பதுதான். எந்தக் கருவியால் வெட்டுகிறார்கள் என்பதும் அதைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று.

ஏன் இவ்வளவு கவனம்?

பேசும்போது ஆண்களின் குரல் நாண் நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை அதிர்கிறது. அதன் மேல்தோலுக்கு அடியில் ஜெல்லி போன்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அலை அலையாக அசைவது அதுதான். அங்கே தழும்பு விழுந்தால் நாண் விறைத்து, குரல் கரகரக்கும். அதைச் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

நுண் கத்தி, கத்தரி

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி வாய் வழியாகச் செய்வது. சூடு கிடையாது என்பதால் பக்கத்துத் திசு வேகாது. ஆனால் ரத்தம் கசியும். ஆழமாக வெட்டிவிட்டால் இதிலும் தழும்பு வரும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர்

குரல்வளையில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தை அமெரிக்க மருத்துவர்கள் ஸ்ட்ராங், ஜேக்கோ 1972ல் வெளியிட்டனர். திசுவில் உள்ள தண்ணீர் இதன் கதிரை உறிஞ்சி ஆவியாகிறது. சின்ன ரத்தக் குழாய்களும் மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வளரும் மருக்கள், ஆரம்பக்கட்டப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அதிகம் பயன்படுகிறது. ஒரே இடத்தில் நீண்ட நேரம் பட்டால் சூடு பரவும். மூச்சுக்குழாயில் ஆக்சிஜன் இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் தனிப் பாதுகாப்புக் குழாய் பொருத்துவார்கள்.

மின்சாரக் கத்தி

சூடு பக்கவாட்டில் அதிகம் பரவும். எனவே நாணின் அதிரும் ஓரத்தில் இதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

அப்போ எது பெஸ்ட்?

சாதாரணக் கட்டிகளுக்கு, கைதேர்ந்தவர் செய்தால் கத்திக்கும் லேசருக்கும் குரலில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. கருவியைவிட, ஆழமாகப் போகாத கைதான் முக்கியம். கத்திப் பேசுவதால் வரும் காய்ப்புகள் பலருக்கு ஆபரேஷன் இல்லாமல், குரல் பயிற்சியிலேயே குறையும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

● கட்டி எந்த வகை?
● குரல் பயிற்சி போதுமா?
● எந்தக் கருவி, ஏன்?
● எத்தனை நாள் பேசாமல் இருக்கணும்?

தொண்டைக் கட்டு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தோடு நிற்காமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உள்ளது. புகைபிடிப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது.