முள்ளும் வெள்ளணுவும்

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை நம் வலியசாலையே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்போரைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். நாமோ நம் ஒவ்வொருவர் குருதியிலும் நாள்தோறும் நிகழும் மற்றொரு போரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். காரணம் உண்டு. சென்ற மழைக்காலத்தில் நம் தெருப் பெரியவர் ஒருவர், காலில் தைத்த முள்ளைச் சிறிதென எண்ணி, மஞ்சளைப் பற்றிட்டு வாளாவிருந்தார். ஐந்தாம் நாள் குளிரும் நடுக்கமும் கண்டு அறிவு தடுமாறிற்று. குருதியிற் கிருமி புகுந்துவிட்டது என்றனர் மருத்துவர். இறையருளாலும் அவர்தம் முயற்சியாலும் பிழைத்தெழுந்தார்.

இப்போர் உலகிற்குத் தெரியவந்ததும் ஒரு முள்ளால்தான் என்பது வியப்பன்றோ? 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில், ருஷ்ய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில், ஊர்ந்து திரியும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். நம் குருதியின் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்குகின்றன என அவர் எடுத்துரைத்தார். 1908-இல் எர்லிக் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அவர்தம் மாணாக்கரே ஹாஃப்கின். 1893-இல் இந்தியா போந்த அவர், 1896-இல் பம்பாயிற் பிளேக் பரவியபோது அதற்குத் தடுப்பூசி கண்டு, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். அந்நாளில் ரயில் நிலையங்களிற் பயணிகளை நிறுத்திப் பரிசோதித்தமையை ரயில்வே ஊழியராகிய நாம் மறத்தற்கில்லை. 1902-இல் அன்றைய பஞ்சாபின் முல்கோவாலில் ஊசியிட்டுக்கொண்ட 19 பேர் இசிவுநோயால் மாண்டனர். பழி அவர்மேல் விழுந்தது. 1907-இல் அது நீங்கிற்று. 1925-இல் பரேலில் இருந்த அவர்தம் ஆராய்ச்சிக்கூடத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.

அவ்வூசி தானே கிருமியைக் கொல்வதன்று. கொன்ற கிருமியைக் காட்டி உடலைப் பழக்குவது. அதனாற் பிறக்கும் எதிர்ப்பொருள்கள் கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ள, வெள்ளணுக்கள் எளிதிற் பற்றி விழுங்குகின்றன. எலும்பு மஜ்ஜையிற் பிறக்கும் நியூட்ரோஃபில்கள் குருதியிற் காவற்சுற்று வருகின்றன. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள பெருவிழுங்கணுக்களோ, ஜங்ஷனில் நிற்கும் டிக்கட் பரிசோதகரைப் போல, ஓடும் குருதியை நோக்கியிருந்து கிருமிகளைப் பிடிக்கின்றன. பகை மிகுமிடத்து இப்படையே நிலை தடுமாறி, தன் நாட்டையே பாழாக்குதலும் உண்டு. குருதியழுத்தம் தாழும், சிறுநீரகம் முதலியன சோரும். அந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலையாகும்.

ஆதலின், அன்பர்காள், புண்ணிற்குப்பின் குளிர்காய்ச்சலோ, மூச்சிரைப்போ, மனத்தடுமாற்றமோ கண்டால் விடியட்டும் என்றிராது மருத்துவமனைக்கு விரைமின். தந்த மருந்தை இடையில் நிறுத்தாது, மருத்துவர் சொன்ன நாள்வரை உண்மின். போரிடும் படை நம்முடையதே. அதற்குத் துணைப்படையை வேளையில் அனுப்புதல் நம் கடன்.