பெருமை யாருக்கு, திமிர் யாருக்கு? சில சொற்களின் வரலாறு

எம்பிலிப்பிட்டிய நகரக் கடையொன்றில் நடந்த சின்னச் சம்பவம். வாடிக்கையாக வரும் சிங்களத் தாயொருவர், தன் மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தியைச் சொல்லி, "துவ கென மட்ட ஹரி ஆடம்பரயி" என்றார். கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பொடியன் கிழக்கிலிருந்து வந்தவன். சிங்களம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அந்த அம்மா போன பிறகு கேட்டான்: "ஏன் நானா, புள்ள பாஸ் பண்ணினதுக்கு என்ன ஆடம்பரம்? பெரிய விருந்து வைக்கப் போறாவா?"

எல்லோரும் சிரித்தோம். தமிழில் ஆடம்பரம் என்றால் பகட்டு, வீண் செலவு. சிங்களத்தில் அதே சொல் பெருமிதத்தையும் குறிக்கும், கர்வத்தையும் குறிக்கும். மகளைப் பற்றிச் சொன்னால் மகிழ்ச்சி. அயல்வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னால் குறை. இரண்டு மொழிக்கும் மூலமான வடமொழியில் அது முரசையும் அதன் பெரிய ஓசையையும் குறித்த சொல். ஓசை இங்கே பகட்டாகவும் அங்கே கர்வமாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்தவர் சொல்லில் பொடியன் தடுமாறியதற்குச் சிரித்தோம். நம் சொந்தச் சொற்களில் நமக்குத் தடுமாற்றமே இல்லையா?

பெருமை என்ற சொல்லையே எடுங்கள். வெள்ளிக்கிழமைப் பயானில் அது பெரும்பாவம். "பெரும பேசாத மகன், பெரும அல்லாக்கு மட்டுந்தான்" என்றுதான் எங்கள் உம்மம்மாமார் பிள்ளைகளை அடக்குவார்கள். ஆனால் அதே பள்ளிவாசல் மதில் ஒட்டிய பாடசாலையின் பரிசளிப்பு விழா அழைப்பிதழில் "பெருமையுடன் அழைக்கிறோம்" என்று அச்சடித்திருக்கும். திருக்குறளின் 98ஆம் அதிகாரத்துக்குப் பெயரே 'பெருமை'. அங்கே அது குணத்தின் உயர்வு. பெரியவர்கள் எப்போதும் பணிவார்கள், சிறியவர்கள் தம்மைத் தாமே மெச்சிக் கொள்வார்கள் என்பது அந்த அதிகாரத்தின் சாரம். அதில் குற்றமாகச் சொல்லப்படும் சொல் 'பெருமிதம்'. இன்றைய பத்திரிகைத் தமிழிலோ பெருமிதம்தான் கௌரவமான சொல். தொல்காப்பியம் பெருமிதத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக எண்ணி, கல்வியும் வீரமும் புகழும் கொடையும் அதற்குக் காரணம் என்று சொல்கிறது. ஒரு சொல் உயர்ந்து, தாழ்ந்து, மறுபடி உயர்ந்திருக்கிறது.

முஸ்லிம்களின் பேச்சில் 'பெருமை' ஏன் பாவமாயிற்று? அரபுச் சொல்லான 'கிப்ர்' தமிழுக்குள் வந்தபோது அதற்கு ஈடாக நின்றது பெருமைதான். பொருத்தமும் அப்படியே. பெருமையின் வேர் 'பெரு'; கிப்ரின் வேரும் 'பெரிது' என்பதே. கபீர், அக்பர், தக்பீர் எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. 'அல்முதகப்பிர்' என்பது ஸூரா அல்ஹஷ்ரில் வரும் இறைவனின் திருநாமங்களில் ஒன்று. அவனுக்கு அது உண்மை; மனிதன் எடுத்துப் போட்டுக் கொண்டால் திருட்டு. உம்மம்மாமார் சொன்னதில் ஒரு முழு அகராதிக் குறிப்பே இருக்கிறது.

பேச்சுத் தமிழில் இதற்கு இன்னும் எத்தனையோ சொற்கள். பாதிக்கு மேல் உடம்பிலிருந்து வந்தவை. தலைக்கனம், பாரம். கொழுப்பு, ஊன். யாழ்ப்பாணத்தார் சொல்லும் 'தடிப்பு', வீக்கம். செருக்கு, கள் குடித்தவனின் மயக்கத்துக்கும் பெயர். திமிர் என்றால் மரத்துப் போதல். திமிர்வாதம் என்ற நோயின் பெயரில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. மரத்த கை சுடுவதை அறியாது. மரத்த மனம் அடுத்தவன் வலியை அறியாது. எழுத்துத் தமிழின் 'ஆணவம்' இன்னொரு வழியில் வந்தது. சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில் முதலாவது அது. 'அணு' என்பதிலிருந்து பிறந்தது. உயிரை அணுவாகச் சுருக்கிவிடுவதால் அந்தப் பெயர். தன்னைப் பெரிதாகக் காட்டும் குணத்துக்குச் சிறுமையிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் அகராதி விஷயம். சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்கு எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொடகவெல வழியாக மேலே ஏறி, மாதம்பையில் இறக்குவானைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து தோட்டங்கள். "அவனுக்குத் திமிரு" என்ற பேச்சு அங்கே யார் மேல் விழுந்தது? துரையின் மேல் அல்ல. துரை வரும் வழியில் ஒதுங்கி நிற்காதவன், விரித்த குடையைச் சுருக்காதவன், கங்காணியிடம் கணக்குக் கேட்டவன், இவர்கள் மேல்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இது வாய்ப்பேச்சோடு நிற்கவுமில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், வேலையாள் தண்டிக்கப்படக்கூடிய குற்றங்களை வரிசைப்படுத்தியது. குடிவெறி, வேண்டுமென்றே கட்டளை மீறுவது, கடமையில் பெருங்கவனயீனம். இவற்றோடு 'துடுக்கு' என்பதும் ஒன்று. எதிர்த்துப் பேசியதற்காக ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பலாம். துடுக்கு என்ற குற்றம் வேலையாளுக்கு மட்டுமே எழுதப்பட்டது. துரையின் அகம்பாவத்துக்கு அந்தச் சட்டத்தில் பெயரே இல்லை. தொழிலாளியைக் கடன் சீட்டோடு தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறையும், இப்படியான குற்றங்களுக்குச் சிறை என்பதும் நீங்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் போனது, பேச்சு போகவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்று தோட்ட மக்கள் வருடக்கணக்காகக் கேட்டு, 2021இல் அது வர்த்தமானியில் வந்தபோதும், "இவங்களுக்கு இப்ப கொழுப்பு மிச்சம்" என்ற குரல் டவுனில் கேட்டதுதான்.

இனி அல்குர்ஆனின் பயன்பாட்டைப் பாருங்கள். 'இஸ்திக்பார்' செய்தவர்கள் என்று அது சுட்டுவது பிர்அவ்னை, அவன் பிரதானிகளை, நபிமார்களை மறுத்த ஊர்த்தலைவர்களை. ஸூரா ஸபஃவில் பலவீனர்களாக்கப்பட்டவர்களும் பெருமையடித்தவர்களும் மறுமையில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் காட்சி வருகிறது. அங்கே பெருமைக்காரர் மேலிருந்தவர். அவருக்கு எதிரில் நிற்பவர் கீழே நசுக்கப்பட்டவர். முதல் பெருமைக்காரனான இப்லீஸின் வாதமும் பிறப்பைப் பற்றியது: தான் நெருப்பு, ஆதம் (அலை) மண். வம்சக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நபி (ஸல்) அவர்கள் இதற்கு ஓர் அளவுகோலும் தந்தார்கள். அணுவளவு கிப்ர் உள்ளத்தில் உள்ளவர் சுவர்க்கம் நுழையமாட்டார் என்று சொன்னபோது, நல்ல உடுப்பும் நல்ல செருப்பும் விரும்புவதும் அதில் சேருமா என்று ஒருவர் கேட்டார். சேராது, அல்லாஹ் அழகை விரும்புகிறான், கிப்ர் என்பது உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் காண்பதும் என்பது பதிலின் கருத்து. இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இதை விரிக்கும்போது, தன்னையே மெச்சிக் கொள்ளும் 'உஜ்பு'க்கு ஒருவன் தனியாக இருந்தால் போதும், கிப்ருக்கோ கீழே வைத்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறார்.

இந்த அளவுகோலை வைத்தால் கணக்கு மாறிவிடும். கூலி குறைகிறது என்று சொன்ன தோட்டத் தொழிலாளி உண்மையை மறுக்கவில்லை, உண்மையைச் சொன்னார். அவர் காட்டியது தன்மானம். அரபியில் அதற்கு 'இஸ்ஸத்' என்று தனிச் சொல் இருக்கிறது. முஃமின்களுக்கும் அது உண்டு என்று ஸூரா அல்முனாஃபிகூன் சொல்கிறது. தமிழ்நாட்டில் 1925இல் எழுந்த இயக்கம் 'சுயமரியாதை' என்ற பெயரைச் சூடிக் கொண்டதும் இந்தத் தேவைக்காகத்தான். நிமிர்ந்து நிற்பவனைத் திமிர் பிடித்தவன் என்று ஊர் சொல்லும்போது, அவன் கையில் வேறொரு சொல் இருக்க வேண்டுமே.

நம் பக்கத்தையும் பார்த்துக் கொள்வோம். சப்ரகமுவ டவுன்களில் நமக்குக் கடைகள் உண்டு; மாணிக்க வியாபாரம் உண்டு; தோட்டத்தார் கொப்பியில் கடன் எழுதி வாங்கிய கல்லாப்பெட்டிகளும் உண்டு. நரைத்த தலையோடு வந்தவரை "என்னடா வேணும்" என்று நாம் கேட்டதில்லையா? அவர் ஒரு நாள் கணக்கைத் திருப்பிக் கேட்டபோது "பாத்தீங்களா, இவனுக்கு எவ்வளவு திமிர் ஈக்கிது" என்று சொன்னதில்லையா? அந்த இடத்தில் கிப்ர் யாரிடம் இருந்தது?

ஸூரா லுக்மானில் தந்தை மகனுக்குச் சொல்லும் புத்தியில், மனிதரிடமிருந்து முகத்தைத் திருப்பாதே என்பதும் ஒன்று. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரும் மனிதர்தான். அடுத்த முறை ஒருவரைப் பார்த்துத் திமிர் என்ற சொல் நாக்கு நுனிக்கு வரும்போது, அவர் நமக்கு மேலே நிற்கிறாரா, கீழே நிற்கிறாரா என்று ஒரு கணம் பார்ப்போம். கீழே நிற்கிறார் என்றால் சொல்லை விழுங்கிவிட்டு, அவர் கேட்டது நியாயமா என்று கொப்பியைத் திறந்து பார்ப்போம்.