இதய வால்வில் தகைவு: கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

இதய வால்வு இதழ்களில் எழும் தகைவைக் கணினியில் கணிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலான உழைப்பு, திசுவின் மீள்தன்மையைச் சொல்லும் சமன்பாட்டைச் செம்மையாக்குவதிலேயே செலவாகிறது. 1967இல் ஃபங் முன்வைத்த அடுக்குக்குறி விதி தொடங்கி, கொலாஜன் இழைகளின் திசைப் பரவலைத் தனியே கணக்கில் கொள்ளும் இன்றைய விதிகள்வரை அந்த முயற்சி நீள்கிறது. அந்த உழைப்பு தேவையானதுதான். ஆனால், இழுவையே இல்லாதபோது அந்த இதழ் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்ற கேள்விக்கு விடை காணாதவரை, உயிருள்ள இதழுக்கு நாம் வெளியிடும் தகைவு எண்கள் நம்பத்தக்கவை ஆகா என்பதே என் வாதம்.

காரணம் திசுவின் அமைப்பிலேயே இருக்கிறது. தளர்ந்த நிலையில் கொலாஜன் இழைகள் நெளிநெளியாகக் கிடக்கின்றன. இழுக்கும்போது முதலில் நெளிவு மட்டுமே நிமிர்வதால் எதிர்ப்பு மிகக் குறைவு. இழைகள் நேரானதும் தகைவு-திரிபு வரைபடம் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. அடுக்குக்குறி விதியில் அடுக்கின் கெழு 30 என்று வைத்துக்கொண்டால், ஏறும் பகுதியில் திரிபு 0.1 மட்டும் பிசகினாலே தகைவு ஏறக்குறைய 20 மடங்கு மாறிவிடும். இதயத்திலிருந்து வெட்டியெடுத்த இதழோ சுருங்கிவிடுகிறது. அதாவது, உடலுக்குள் அது ஏற்கெனவே இழுபட்ட நிலையில்தான் இருந்தது; இதுவே முன்திரிபு. ஆட்டின் மைட்ரல் வால்வின் முன்னிதழில் குறிகள் தைத்து, துடிக்கும் இதயத்திலேயே அவற்றின் அசைவை எக்ஸ்ரே மூலம் பதிவு செய்த ஆய்வுகளில், கணக்கிட்டுப் பெற்ற விறைப்பு வெட்டியெடுத்த திசுவின் விறைப்பைவிட மிக அதிகமாக இருந்தது. இந்தப் பெரும் இடைவெளிக்கு முன்திரிபே விளக்கம் தரக்கூடும் என்று 2013இல் ரௌஷ், எல்லன் கூல் குழுவினர் காட்டினர். அந்த முன்திரிபும் நிலையானதன்று. சினைப்பசுக்களின் வால்வு இதழ்கள் பெரிதாவது அறியப்பட்ட செய்தி. திசு வளரும்போது அதன் தளர்நிலையும் உடன் மாறுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெல்லிய சவ்வின் வளைந்த வடிவமும் அதன்மீதுள்ள அழுத்தமும் தெரிந்தால், சமநிலைச் சமன்பாடுகளே இழுவிசையைத் தந்துவிடும். திசுவின் தன்மையோ தொடக்க நிலையோ தேவையில்லை என்பதே அந்த மறுப்பு. மூடிய பெருந்தமனி வால்வை எடுத்துக்கொள்வோம். அழுத்த வேறுபாடு 80 மி.மீ. பாதரசம், அதாவது சுமார் 10.7 கிலோபாஸ்கல். இதழை 12 மி.மீ. ஆரமுள்ள உருளைப் பகுதியாகவும் தடிப்பை 0.5 மி.மீ. ஆகவும் கொண்டால், சுற்றுத் திசையில் தகைவு சுமார் 257 கிலோபாஸ்கல். இதழின் நடுப்பகுதிக்கு இந்த மதிப்பீட்டை நான் தயங்காமல் ஏற்பேன். எனினும் தடிப்பை 0.3 மி.மீ. என்று மாற்றினால் இதே தகைவு 428 ஆகிறது. அந்தத் தடிப்பும் இழுபட்ட நிலையில் அளந்ததாக இருக்க வேண்டும். இதழ்கள் ஒன்றோடொன்று உரசி மூடும் விளிம்பிலும், மைட்ரல் வால்வில் நாண்கள் இதழோடு சேரும் இடங்களிலும், எல்லை விசைகளே தெரியாதவை. அங்கே இந்த எளிய கணக்கு செல்லாது. இன்னொன்று, இதழினுள் உள்ள செல்கள் உணர்வது இழைகளின் நீட்சியை. மொத்த இழுவிசை சரியாகக் கிடைத்தாலும், தளர்நிலை தெரியாமல் அந்த நீட்சியைச் சொல்ல முடியாது.

தனி எண் பிழையாகட்டும், வால்வு அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பிழைகள் கழிந்துபோகாதா என்று கேட்கலாம். நேர்கோட்டு விதியாக இருந்தால் கழியும். இங்கோ, நெளிவு நிமிரும் கட்டத்திலுள்ள பகுதியும் செங்குத்தாக ஏறும் கட்டத்திலுள்ள பகுதியும் ஒரே பிழையை வெவ்வேறு அளவில் பெருக்குகின்றன. எந்த இடத்தில் தகைவு அதிகம் என்ற வரிசையே புரளக்கூடும். இதில் செயற்கைத் திசு வால்வுகள் நல்ல நிலையில் இருக்கின்றன. குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்திய மாட்டு இதய உறைத் தாளை வெட்டிச் சட்டத்தில் தைப்பதால், தொடக்க வடிவம் தயாரிப்பவர் கையிலேயே இருக்கிறது. இதழ்கள் சந்திக்கும் மூலைகளில் மாதிரிகள் காட்டும் உச்சத் தகைவு, எடுத்து ஆராயப்பட்ட வால்வுகளில் கிழிசல் அடிக்கடி காணப்படும் இடங்களோடு பொருந்துவது இதனால் வியப்பில்லை. அந்த வெற்றியைக் காட்டி நோயாளியின் சொந்த வால்வுக்கும் அதே நம்பகத்தைக் கோருவதைத்தான் நான் எதிர்க்கிறேன். முப்பரிமாண எக்கோ (மீயொலி இதயப் படம்) தருவது சுமை தாங்கிய வடிவங்களை மட்டுமே. சுருக்கத்தை அளக்க நோயாளியின் இதழை வெட்டியெடுக்கவும் வழியில்லை. ஆகவே அத்தகைய கணக்குகள் ஒற்றை எண்ணைத் தருவதைவிட, விலங்குத் திசுவில் அளந்த முன்திரிபு வீச்சின் இரு முனைகளிலும் இயக்கப்பட்டு, இரண்டு தகைவு வரைபடங்களும் அருகருகே அச்சாக வேண்டும்.