காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட்

போன சனிக்கிழமை காலை. காஞ்சன்பாக்கில் எங்கள் அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் நானும் பையனும் உட்கார்ந்து காரின் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டிருந்தோம். விருதுநகரிலிருந்து வந்திருந்த அக்கா, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு காபி டம்ளரோடு வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என்னடா ரிப்பேரு?"

நான் வாய் திறப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான். "ரிப்பேர் இல்ல அத்தை. காலிப்பருக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்கப் போறோம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "காலிப்பருக்கா?" என்று என்னைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. ஐந்து வயதிலிருந்து காலிப்பர். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையிலும் முழங்காலுக்குக் கீழேயும் தோல் பட்டை, முட்டியில் ஒரு பூட்டு, கீழே கனமான பூட்ஸ். நடந்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும். அவள் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

ஆக, இந்தப் பதிவு காரைப் பற்றியதா காலைப் பற்றியதா என்று கேட்காதீர்கள். இரண்டும்தான் :-)

முதலில் கார். பிரேக்கை மிதித்தால் அந்த அழுத்தம் எண்ணெய் வழியாகச் சக்கரம் வரை போகிறது. அங்கே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புத் தட்டு இருக்கிறது. அதுதான் டிஸ்க். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் காலிப்பர். ஓடுகிற வண்டியின் வேகம் முழுக்க அந்த இடத்தில் சூடாக மாறுகிறது. ஸ்ரீசைலம் மலைப்பாதையில் இறங்கியவர்களுக்கு அந்தத் தீய்ந்த வாசனை தெரிந்திருக்கும்.

இதற்கு 1902-லேயே காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃப்ரெடரிக் லான்செஸ்டர். செம்பு உரசி டிஸ்க் கிறீச்சிட்டதாம், காது கொடுத்துக் கேட்க முடியாத அளவுக்கு. பிறகு ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கல்நார் வைத்துச் சத்தத்தைக் குறைத்தார். (அந்தக் கல்நார்த் தூள் நுரையீரலுக்கு எமன் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உலகத்துக்கு உறைத்தது.) ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு டிரம் பிரேக்தான் ராஜா. பழைய அம்பாசடரை நினைத்துக் கொள்ளுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம். எல்லாம் ஒரு மூடிய டப்பாவுக்குள்ளே, அதற்கு மேல் பளபளவென்று ஒரு வீல் கப். பிரேக் எப்படி இருக்கும் என்று வண்டிக்காரருக்கே தெரியாது.

டிஸ்க் பிரேக் திரும்பி வந்தது விமானம் வழியாக. விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்துவந்த டன்லப் நிறுவனம் அதை ஜாகுவார் பந்தயக் காருக்குக் கொண்டு வந்தது. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போய் இவர்கள் பிரேக் பிடித்தார்கள். 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் காரில் சாதாரண ஜனங்களுக்கும் வந்து சேர்ந்தது. நம்ம ஊரில் டிவிஎஸ்ஸும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சென்னை பாடியில் இருக்கிறது. ஊர்ப்பக்கத்து வண்டிகள் பலவும் நின்றது அவர்கள் புண்ணியத்தில்.

அப்போதெல்லாம் காலிப்பர் வெறும் துருப்பிடித்த வார்ப்பிரும்புக் கட்டி. அதை யாரும் பார்க்கவில்லை, யாரும் வண்ணம் பூசவில்லை. அலாய் வீல் வந்த பிறகுதான் ஆரக்கால்களின் இடைவெளியில் அது வெளியே தெரிய ஆரம்பித்தது. இத்தாலியில் பெர்கமோ பக்கத்தில் 1961-இல் தொடங்கிய பிரெம்போ, 1975-லிருந்து ஃபெராரி பந்தயக் கார்களுக்கு பிரேக் கொடுத்தது. 1990களில் போர்ஷே மாதிரி வண்டிகளில் சிவப்புக் காலிப்பர் ஓர் அடையாளமாகவே ஆகிப் போனது. 2001-இல் போர்ஷே செராமிக் டிஸ்க் கொண்டு வந்தபோது அதற்கென்று மஞ்சள் காலிப்பர் வைத்தது. நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதைப் பார்த்துத்தான் என் பையனைப் போன்றவர்கள் ஹேட்ச்பேக் காருக்கும் சிவப்பு பூசுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது :-)

இனி காஞ்சன்பாக். பின்கோடு 500058. சார்மினாருக்குத் தென்கிழக்கே, நீள நீளமான மதில் சுவர்கள் உள்ள ஊர். சுவருக்குள்ளே டிஆர்டிஎல், டிஎம்ஆர்எல், பிடிஎல், மிதானி. ஏவுகணையும் அதற்கு வேண்டிய உலோகமும் பிறக்கிற இடம். காய்கறிக் கடையில் உங்கள் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் பொறுக்குகிறவர் விஞ்ஞானியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே பிரேக்குக்கும் வேலை நடந்தது. வெளிநாட்டு விமானம் வாங்கினால் பிரேக் பேடையும் வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டும், அதுவோ தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள். டிஎம்ஆர்எல் உலோகத் தூளை அழுத்திச் சுட்டு மிக் ரக விமானங்களுக்கு பேட் செய்யும் முறையை உருவாக்கியது. பெங்களூர் எச்ஏஎல் அதைத் தயாரித்தது. தேஜஸ் விமானத்துக்கான கார்பன்-கார்பன் பிரேக் டிஸ்க், இதே வளாகத்து ஏஎஸ்எல் கூடத்தில் உருவானது. கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்துச் செய்கிற பொருள். எடை கம்மி, சூட்டுக்கு அசராது. விண்ணிலிருந்து காற்று மண்டலத்துக்குள் திரும்பி நுழையும் ஏவுகணையின் மூக்கும் அதே வகைப் பொருள்தான். காற்றில் உரசி வருகிற சூடு 2,000 டிகிரிக்கு மேல் என்றால் சும்மாவா?

அந்த ஏவுகணை அக்னி. 1989 மே 22-இல் ஒடிசாவின் சாந்திப்பூரிலிருந்து முதலில் பறந்தது. அப்போது டிஆர்டிஎல் இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்துக்காரர், அப்துல் கலாம். 1982-இல் இங்கே வந்தவர், பத்து வருடம் இருந்தார். அவர் பல மேடைகளில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறார். அக்னிக்காகச் செய்த எடைகுறைந்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போய்விட்டார். அங்கே சின்னச் சின்னப் பிள்ளைகள், மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும் உலோகக் காலிப்பரைப் பூட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்தில் கலாமின் ஆட்கள் 300 கிராமில் ஒன்று செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் நடந்தார்கள், பெற்றவர்கள் அழுதார்கள். தன் வாழ்க்கையின் பேரானந்தங்களில் ஒன்றாக அதையும் அவர் சேர்த்துச் சொல்வார்.

முழங்கால் தசை பலவீனமானவர்களுக்கு உதவும் வகை அது. எல்லாருக்கும் பொருந்தாது. அக்காவுக்குப் பொருந்தவில்லை. அவளுக்கு அப்போது கல்யாணமாகி இருந்தது, முட்டி வேறு வளைந்து போயிருந்தது. ஆனால் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "முந்நூறு கிராமாம்டா, அரைக்கிலோ தக்காளி கூட இல்ல" என்று அவள் எனக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறது.

அக்காவின் காலிப்பருக்கும் பெயிண்ட் அடிப்பது உண்டு. வருஷா வருஷம் மே மாசக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அப்பாதான் அடிப்பார். தோலைக் கழற்றிவிட்டுக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, துருவை எடுத்து, கறுப்பு எனாமல் பூசி, துணி காய்கிற கொடியில் தொங்கவிடுவார். அது காய்கிற ஒரு நாள் முழுக்க அக்கா திண்ணையை விட்டு நகர முடியாது. ஆறாம் வகுப்பு போகும்போது அவள் கேட்டாள், "அப்பா, சிவப்பு அடிங்கப்பா." கூடப் படிக்கிற பெண்ணின் சைக்கிள் சிவப்பு. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாவாடைக்குக் கீழ கண்ணுல படாம இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுக் கறுப்பே அடித்தார். அவர் மேல் தப்பில்லை. ஊர் அப்படி. பிள்ளையை யாரும் பார்த்து 'உச்' கொட்டக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

அந்தக் கவலை இப்போதைய அப்பாக்களுக்கு இல்லை. 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வந்ததுதான் நாட்டின் கடைசிப் பதிவு. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. காலிப்பர் என்றால் கார் உதிரிபாகம் என்று என் பையன் நினைப்பதற்கு இதுதான் காரணம். அவன் தலைமுறைக்கு அந்தச் சொல்லில் வலி இல்லை. நல்லதுதான்.

காலிப்பர் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது காலிபர் என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் அரபியின் காலிப், அதாவது அச்சு, வார்ப்பு. அதற்கும் பின்னால் போனால் ஒரு கிரேக்கச் சொல் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் மர அச்சு, நேர்ப்பொருளில் 'மரக்கால்'. இதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "அப்ப ஒரிஜினல் என்னுதுதான். உங்க கார்தான் இரவல்."

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்துத்தான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தூசியை வாயால் ஊதவே ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து, ஈரத்தோடு துடையுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்த பிறகு டிஸ்க், பேட், ரப்பர் உறைகள், எண்ணெய் திறக்கும் திருகு எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். காலிப்பர் நகர்கிற ஊசிகளில் பெயிண்ட் போனால் அது இறுகிக்கொண்டு, பேட் ஒரு பக்கமாகத் தேயும். சாதாரண எனாமல் சூட்டில் நிறம் மாறி உரியும். சூடு தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும். மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது.

முதல் கோட் நான். இரண்டாவது பையன். மூன்றாவது கோட்டுக்கு அவன் பிரஷ்ஷை அத்தையிடம் நீட்டினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாகவே நீட்டினான். அக்கா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்பா அடிப்பது போலவே மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பாக அடித்தாள்.

ஒரு நாள் காயவிட்டு ஞாயிறு சாயங்காலம் சக்கரத்தை மாட்டினோம். பையன் வண்டியை மெதுவாக முன்னால் எடுத்தான். அக்கா கைத்தடியை ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா தெரியுதுடா" என்றாள்.

பி.கு: பெயிண்ட் அடித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா என்று தங்கமணி கேட்டார். பிடிக்காது. துரு கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.